மூன்று விசில்

தையல்காரம்மா வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது, தெருவின் பொதுச் சமையலறையிலிருந்து சமையல்கார அக்கா தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள்.

"ஆலையை மூடுனதுலேருந்து தெருவே ஒரே உலையிலதான் சாப்பிடுது. நீங்களும் பக்கத்து வீட்டு டிரைவரும் மட்டும்தான் வர்றதில்ல."

"என் ஒரு வயித்துக்கு நானே பொங்கிக்குவேன் அக்கா. விசில் கேக்கலையா?"

"நல்லாவே கேக்குது. வாசனைதான் வரல."

தையல்காரம்மா தலை குனிந்தபடி அடுப்பை அணைத்தாள். ஆவி அடங்கியதும் அக்கா குக்கரைத் திறந்தாள். உள்ளே வெறும் தண்ணீர்.

"டிரைவருக்கு மட்டும் தெரிய வேண்டாம் அக்கா. தினமும் அவர் வீட்டுல விசில் வரும். பதிலுக்கு நானும் வைப்பேன். நாள் பூரா என்கூடப் பேசுறது அந்தச் சத்தம் ஒண்ணுதான். அவர் பொங்கிச் சாப்பிடுறப்ப, நான் மட்டும் கையேந்திப் போய் நின்னா..."

"கையேந்துறதாவது? வெங்காயம் உரிக்க ஆளில்லாம நான் அழுதுக்கிட்டிருக்கேன்."

அப்போது சுவருக்கு அப்பால் விசில் கூவியது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து அவர் குக்கரையும் திறந்து பாத்துட்டேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அவரும் கெஞ்சினாரு. இன்னிக்கும் அடுப்புல ஏத்திட்டாரு பாருங்க, உங்க காதுக்காக."

மறுபடியும் விசில்.

தையல்காரம்மா கரண்டியை எடுத்துச் சுவரில் ஓங்கித் தட்டினாள்.

"அண்ணே, அந்தத் தண்ணிய இறக்கி வைங்க. வாங்க, சாப்பிடப் போலாம்."