முதல் வரிக்குப் பிறகு

மத்திகிரி தாண்டி, ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர் கட்டிய பழைய கல் ஆலயத்தில் பியூலாதான் பாடகர் குழுவை நடத்துகிறாள். பாதிப்பேர் கம்பெனி ஷிஃப்டில் இருப்பார்கள். அதனால் சனிக்கிழமை ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவாள்.

குழுவின் நான்கு குரல் பிரிவுகளில், பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோவுக்கு எப்சிபா ஒருத்திதான் இருந்தாள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வருவாள். பாட்டு தொடங்கிய பிறகே சேர்ந்துகொள்வாள். ஒருநாள் எல்லார் முன்பாகவும் பியூலா சொன்னாள்: "லேட்டா வர்றதுன்னா இனிமே வராத." எப்சிபா வரவில்லை. அடுத்த மாதமே காய்ச்சலில் இறந்துபோனாள்.

கிறிஸ்துமஸுக்குப் புதுப் பாட்டு ஒன்று எடுத்தார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆமோஸ் பதிவைக் கேட்டுவிட்டு ஃபோன் செய்தான்.

"ஆல்டோ யாருக்கா? நல்லா பாடுது அந்தப் புள்ள. என்ன, முதல் வரி முடிஞ்சப்புறம்தான் வந்து சேருது. எங்கள மாதிரி ஷிஃப்டு ஆளு போல."

"யாரோ," என்றாள் பியூலா. ஒத்திகையில் ஆல்டோ பாட யாருமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை, பதிவைத் தொடங்கிவிட்டுக் கையை உயர்த்தியவள் அப்படியே நின்றாள்.

"யாருக்குக்கா வெயிட் பண்றோம்?" என்று ஒரு பெண் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பியூலா கையசைத்தாள்.

வீட்டில் போட்டுக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு இருந்த மௌனத்தில், யாரோ வாசலில் அவசரமாகச் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கி, மெல்ல அடங்கியது. பிறகு முதல் சொல்லிலிருந்தே நான்கு குரல்களும் ஒன்றாகப் பாடின.