இரண்டு பேருக்கு ஒரு சக்கரம்

“ஆளுக்கொரு சக்கரம் இருக்கும்மா. எதுக்கு ரெண்டு பேரை ஒண்ணுல உட்கார வைக்கணும்?” என்று போனில் கேட்டார், மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கூடத்துக்காரர்.

“மத்தவங்களுக்குத் தனித்தனியாக் குடுங்க. அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒண்ணு போதும். கேட்டா, ஒண்ணு ரிப்பேர்னு சொல்லிடுங்க” என்றாள் பெரியம்மா. அவர் கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பார். எல்லாச் சக்கரத்துக்கும் கட்டணம் தந்துவிடுவதாக அவள் சொன்ன பிறகு மறுபேச்சுப் பேசவில்லை.

பெயர்தான் இரண்டு நாள் நகரச் சுற்றுலா. உள்ளே இருந்த சரக்கு வேறு. பெரியம்மாவின் தங்கை மகள் முப்பதைத் தாண்டியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாள். ஆறு மாதம் முன்பு எதிர்வீட்டுக்குக் குடிவந்த பல் டாக்டரம்மாவுக்கும் அதே தலைவலி. இன்ஜினியர் மகன் பிடி கொடுப்பதே இல்லை.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே வெளியூரில் என்று தெரிந்த அன்றே பெரியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்ணைப் பெற்ற தங்கையோ எல்லாவற்றையும் அக்கா தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்துகொண்டாள்.

பெரியம்மா இதுவரை ஒன்பது ஜோடிகளைச் சேர்த்து வைத்தவள். அதில் இரண்டு ஜோடி இப்போது வேறு வேறு வீட்டில் இருப்பதை யாராவது நினைவுபடுத்தினால், தன் பொறுப்பு மண்டபத்து வாசலோடு முடிந்தது என்பாள்.

முதல் நாள் ஓவியக் கண்காட்சி, மதியம் ஆற்றங்கரை உணவகம், மறுநாள் காலை மண்பாண்டம். உணவகத்து மேனேஜரிடம் ஜன்னலோர மேசையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, யார் எங்கே உட்காருவது என்று புள்ளி வைத்தாள். கண்காட்சியில் எந்த அறைக்குக் கூட்டம் வராது என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள். தனக்குச் சேற்றில் கைவைக்க இஷ்டமில்லை என்று பெரியப்பா சொன்னதற்கு, உங்களை யார் கேட்டது என்று பதில் வந்தது.

இரண்டு குடும்பமும் வந்து இறங்கிய விடுதியின் வரவேற்பறையில் பெண்ணும் பையனும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கையிலிருந்த பை நழுவியது. வெட்கத்தைப் பாருங்கள் என்று பெரியம்மா டாக்டரம்மாவின் இடுப்பைக் கிள்ளினாள். வேலையிடத்தில் ஏதோ அவசரம், திரும்பிப் போக வேண்டும் என்று அவன் முனகினான். அவன் அம்மா பையைப் பிடுங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கண்காட்சியில் பெரியம்மா கண்ணைக் காட்டியதும் மற்றவர்கள் பக்கத்து அறைக்கு நகர்ந்தார்கள். இருவரும் இருபது நிமிடம் ஒரே ஓவியத்தின் முன்னால் நின்றார்கள். எட்டிப் பார்த்தபோது பேச்சுமூச்சே இல்லை. பேசாமலே புரிந்துகொள்கிறார்களே என்று பெரியம்மா உருகிப்போனாள்.

உணவகத்தில் பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்த தங்கை மகள், பேச்சை நிறுத்தாமலே பக்கத்தில் அவன் முன்னால் வைத்த தட்டை இழுத்துப் பணியாளரிடம் நீட்டினாள். “இதையே நிலக்கடலை போடாம கொண்டு வாங்க.”

அவனுக்கு நிலக்கடலை ஆகாது என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று டாக்டரம்மா காதைக் கடித்தாள். அவனிடமே கேட்டிருப்பாள், அவ்வளவு பொறுப்பு, எல்லாம் தன் வளர்ப்பு என்றாள் பெரியம்மா. அந்தப் பெண்ணை அவள் ஒரு வாரம்கூட வளர்த்ததில்லை.

மறுநாள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு சக்கரம் ரிப்பேர் என்றார். வேறு வழியில்லாமல் இருவரும் ஒன்றில் உட்கார்ந்தார்கள். களிமண்ணில் நான்கு கைகள். ஜாடி ஒன்று கோணாமல் எழும்பி வந்தது. பெரியம்மா பதினேழு போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, காரியம் பழுத்தது என்று எழுதினாள். உடனே மண்டபம் பார்க்கும்படி தங்கைக்குத் தனியாக ஒரு செய்தி. அந்தப் பக்கம் டாக்டரம்மாவும் தன் நாத்தனார்களுக்குச் சொல்லி முடித்திருந்தாள்.

கைகழுவும் தொட்டியருகே பெரியம்மா தங்கை மகளை மடக்கினாள். பையனைப் பிடித்திருக்கிறதா என்று சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணை நோண்டியபடி, அவர் நல்லவர்தான் என்றாள் அவள்.

“ஒரே நாள்ல அவ்வளவு தெரிஞ்சுபோச்சா?”

“மூணு வருஷமாத் தெரியும், பெரியம்மா.”

பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை போன், இத்தனை அலைச்சல், எல்லாம் ஏற்கெனவே வெந்த சோற்றுக்கா அடுப்பு மூட்டியது? ஆனால் அந்தச் சுணக்கம் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. காதல் என்றால் வேலை இன்னும் சுலபம். ஊருக்குச் சொல்லும்போது, தான் பார்த்து முடித்தது என்றே சொல்லிக்கொள்ளலாம். இது பத்தாவது ஜோடி.

“கள்ளி, இத்தனை நாளா மூடி வெச்சிருக்கியே” என்று கன்னத்தைத் தட்டினாள். “உங்கம்மாவை மண்டபம் பாக்கச் சொல்லியாச்சு. எந்த மாசம் வெச்சுக்கலாம், நீயே சொல்லு.”

அவள் குழாயை மூடினாள். துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“போன மாசம்தான் எங்களுக்கு விவாகரத்து ஆச்சு, பெரியம்மா.”