நேராக நின்ற திருகாணிகள்

இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டரின் முள் எட்டாயிரத்தைத் தாண்டி நடுங்கியது. ஆறாயிரத்துக்கு மேல் சுற்றக்கூடாத இஞ்சின்.

"பாத்தீங்களா! ஓட்டி நாசமாக்கி என் தலையில கட்டிட்டான்!"

கண்ணாடிக் கடைக்காரர் மோட்டார் படகைத் துறைமேடையில் மோதாத குறையாக நிறுத்தினார். செகண்ட்ஹேண்டில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"வித்தவன் போட்டோவ வாட்ஸ்அப் குரூப்புல போடறேன். கீழ 'திருடன்'னு எழுதறேன். உப்பங்கழியோட ரெண்டு கரையும் பாக்கட்டும். இவன் என்ன, இவன் பரம்பரையே திருட்டுப் பரம்பரையாத்தான் இருக்கும்."

காற்று வாங்க வந்திருந்த பெரியவர் திரும்பினார். கப்பல் இஞ்சின் அறைகளில் காலம் கழித்து ஓய்வு பெற்றவர். கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை, வளையாத முதுகு.

"இஞ்சினப் பத்திப் பேசுப்பா. பரம்பரைய ஏன் இழுக்கற?"

"உங்களுக்கு இவனைத் தெரியுமா?" கடைக்காரர் போனை நீட்டினார்.

பெரியவர் படத்தைப் பார்த்தார். தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்தார். அந்த முகத்தைப் பற்றி அவருக்கும் நல்ல அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது.

"தெரிஞ்சாத்தான் நியாயம் பேசணுமா? கொஞ்சம் பொறு. இஞ்சின் கெட்டிருந்தா நீ 'திருடன்'னே எழுது. பிழை இல்லாம நானே எழுதித் தரேன்."

கடைக்காரர் கூட்டி வந்திருந்த மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தான். புரொப்பெல்லர் நடுவில் இருக்கும் ரப்பர் போய்விட்டது. அச்சு சுற்றுகிறது, புரொப்பெல்லர் வழுக்குகிறது. அதனால்தான் முள் எகிறுகிறது.

பெரியவர் வாதாடவில்லை. இஞ்சினை மேலே தூக்கச் சொல்லி, அச்சின் முனையிலிருந்து புரொப்பெல்லர் இறக்கைவரை வெள்ளை பெயிண்டால் ஒரே கோடு இழுத்தார்.

"வழுக்கினா இந்தக் கோடு ரெண்டா முறியும். ஓட்டு."

பெயிண்ட் காய்ந்ததும் கிளம்பினார்கள். படகு அலைகளைக் கிழித்துக்கொண்டு போனது. முள் மறுபடி எட்டாயிரத்துக்கு ஓடியது. பெரியவர் மேலெல்லாம் உப்புத் தண்ணீர். துடைத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து, இஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கும்போது பெரியவர் கோட்டைத் தேடினார். செய்தாலும் செய்திருப்பான் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. வாயை மூடு என்று அதை அதட்டினார்.

கோடு முறியவில்லை.

"அப்ப இஞ்சினுக்கே பைத்தியம் பிடிச்சிருக்கு," என்று கடைக்காரர் மறுபடி போனை எடுத்தார்.

பெரியவரின் கண் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் நின்றது. பலகை முழுக்கப் பித்தளைத் திருகாணிகள். ஒவ்வொன்றின் தலையில் இருந்த கோடும் மேலும் கீழுமாக, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்போல் நேராக நின்றது. தண்ணீர் தங்காமல் வழியட்டும் என்று அப்படி நிறுத்துவது சில கைகளின் பழக்கம்.

மீட்டரைச் சுற்றியிருந்த நான்கு மட்டும் குடித்துவிட்டு வந்தவைபோல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

"இந்த மீட்டர மாட்டினது யாரு?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பழசுல கண்ணாடி மங்கிப் போச்சுங்க. என் தொழிலே கண்ணாடி, மனசு பொறுக்குமா? நானே புதுசு வாங்கி மாட்டினேன்."

பெரியவர் நான்கையும் கழற்றி மீட்டரை வெளியே இழுத்தார். பின்பக்கத்தில் சின்னதாக ஒரு திருகு. நாலு, அஞ்சு, ஆறு என்று எண்கள். அது நாலில் இருந்தது.

"உன் இஞ்சினுக்கு ஆறு. நாலுல வெச்சா, ஒரு சுத்து சுத்தினா ஒன்றரை சுத்துன்னு கணக்குச் சொல்லும். இஞ்சின் பொய் சொல்லல. நீ மாட்டினதுதான் சொல்லுது."

திருகை ஆறுக்குத் திருப்பினார். நான்கு திருகாணிகளையும் திரும்ப முடுக்கினார்.

"இப்ப இஞ்சின முழுசா முடுக்கு."

இஞ்சினை இறக்கி மேடைக்கு முன்னாலேயே ஒரு வட்டம் அடித்தார்கள்; இஞ்சின் முழு மூச்சில் கத்தியது. முள் ஏறியது, ஐயாயிரத்து நானூறுக்குப் போனது, அங்கேயே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. ஸ்பானர் விசிலடித்தான். மேடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்றார் பெரியவர், மேடையில் ஏறியபடி. "எடு போன. எழுதித் தரேன்னு சொன்னேன்ல? எழுது. 'நல்ல படகு. நாணயமான வீடு.'"

"வீடா? நல்ல ஆளுன்னு போட்டாப் போதாதுங்களா?"

"வீடுன்னு எழுது."

எழுதினார். அதோடு விடவில்லை, நல்ல மனிதர்தான். காலையில் யாரைப் போனில் திட்டினாரோ படகு விற்ற அவரையே கூப்பிட்டார். திட்டியதைவிடப் பெரிய குரலில், ஸ்பீக்கரில், மன்னிப்புக் கேட்டார்.

"ஒரு பெரியவர்தான் சார் கண்டுபிடிச்சாரு. பேரே சொல்ல மாட்டேங்கறாரு. மீட்டர மாட்டி, ஸ்குரூ நாலையும் உங்க ஸ்குரூ மாதிரியே நேரா நிமித்தி வெச்சுட்டுத்தான் எந்திரிச்சாரு."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்விதான் வந்தது.

"கழுத்துப் பட்டன் போட்டிருக்காரா?"

"ஆமா சார்!"

"வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லுங்க. அண்ணன் சாப்பிட்டாரான்னு கேளுங்க."

பெரியவர் காதில் விழாததுபோல் நடந்துகொண்டிருந்தார். முதுகு வளையவில்லை.

மேடை முடியும் இடத்தில் மட்டும் ஒருமுறை நின்று, கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.