ஆயில் வாய்மேல் ஒரு தாள்

டீச்சரம்மாவின் பழைய கார் இருமி இருமி என் உயிரை வாங்கியது. கார்புரேட்டரைக் கழுவியும் பயனில்லை. எஞ்சினின் காற்றுக்குழாயில் இருந்த வால்வை மாற்றினேன், இருமல் நின்றது. ஆயில் ஊற்றும் வாய்மேல் ஒரு தாளை வைத்தேன். எஞ்சின் அதை உள்ளே இழுத்தால் அடைப்பில்லை என்று அர்த்தம். இழுத்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடித்து வந்தேன். தாள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு முறை அசைந்து, கொஞ்சம் நின்று, மறுபடி அசைந்தது. பேட்டரி வயரைக் கழற்றினேன். அப்போதும் அசைந்தது.

டீச்சரம்மா எட்டிப் பார்த்தார்.

“பயப்படாதீங்க. நாலு மூச்சுக்கு ஒரு தடவை நிக்கும், அப்புறம் வந்துடும். எங்க வீட்டுக்காரருக்கு எப்பவும் அப்படித்தான்.”

அவர் கணவர் இறந்து ஒரு மாதமாகிறது. நான் பானெட்டைப் பிடித்தேன்.

“மெதுவா மூடுங்க. இப்பத்தான் தூங்குறாரு.”

முப்பது வருஷமாகப் பானெட்டை அறைந்து சாத்துகிற ஆள் நான். இரண்டு கையாலும் இறக்கினேன்.