பின்னால் எத்தனை பேர்

"ஸ்டீயரிங் கனமா இருக்கும். ஹீட்டர் இல்ல, கதவு இல்ல. பாட்டு வேணும்னா நீங்களே பாடிக்கணும்" என்றார் டெல்.

அவர் விற்க வைத்திருந்த எட்டு வருடப் பழைய மலைவண்டி. அருகருகே இரண்டு இருக்கை, தலைக்கு மேல் ஒரு தகடு. எனக்கு அது போதும். வேகமாகப் போகிற எண்ணமில்லை.

"பக்கத்து சீட்டு பெல்ட்டு மாட்டாது. வீட்டம்மாவ கூட்டிட்டு வர்றதுக்குள்ள மாத்திக் குடுத்துடறேன்."

"அவசரமில்ல" என்றேன்.

டெல் அடுத்த ஊர்க்காரர். அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

என் மனைவி ப்ரின் பிப்ரவரியில் இறந்தாள். மலையில் ஆளுக்கொன்றாக ஓட்டிய நாலு சக்கர ஏடிவி இரண்டையும் மார்ச்சில் விற்றேன். ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது.

அதன் பிறகு நான் மலைக்குப் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் மலைதான் தெரியும். திரையை இழுத்து விட்டிருந்தேன்.

மேலே புல்வெளி வரைக்கும் தனியாகப் போய்த் திரும்ப முடிந்தால் இந்த வண்டியை வாங்குவது. முடியாவிட்டால் வீட்டையும் விற்றுவிட்டு ஒஹாயோவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது. காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தது அது.

"ஓட்டிப் பாருங்க. திரும்பி வரலைன்னா வண்டிய மட்டும் தேடி வருவேன்" என்று சொல்லி டெல் சாவியைக் கொடுத்தார்.

இரவு மழை பெய்திருந்தது. ஆஸ்பென் மரங்களின் இலைகள் பாதி உதிர்ந்து சேற்றில் ஒட்டிக் கிடந்தன.

பாறை விளிம்பில் ஒரு வண்டி போகத்தான் இடம் உண்டு. இடது பக்கம் பள்ளம். மெதுவாக ஏறினேன்.

விளிம்பு முடிகிற அகலமான இடத்தில், எதிரே இறங்கி வந்தவர்கள் எனக்காக ஒதுங்கி நின்றிருந்தார்கள். மூன்று ஏடிவிகள்.

முதலில் இருந்த பெரியவர் இரண்டு விரலைக் காட்டினார். தனக்குப் பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள் என்று அர்த்தம். அடுத்த அம்மாள் ஒரு விரல். கடைசியில் இருந்தவன் முஷ்டியை மூடிக் காட்டினான். தனக்குப் பின்னால் யாருமில்லை என்று.

இங்கே எல்லோரும் அப்படித்தான். எதிரே வருகிறவர் அடுத்த திருப்பத்தில் யார் மீதும் மோதிவிடக் கூடாதே.

நானும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடந்தேன்.

புல்வெளியில் யாருமில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாட்டிறைச்சி வற்றல் ஒரு துண்டு தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

திரும்பி இறங்கியபோது அந்த மூன்று வண்டிகளும் அதே இடத்தில் நின்றிருந்தன. எஞ்சின்கள் அணைந்திருந்தன.

அந்த அம்மாள் ஓடி வந்தார்.

"தம்பி, அரை மணி நேரமா நிக்கிறோம். உங்க பின்னால வந்தவங்கள இன்னும் காணோம்!"

எனக்குப் புரியவில்லை.

"ஒரு விரல் காட்டுனீங்களே. அவங்க வரட்டும்னுதான் நாங்க இறங்காம நிக்கிறோம்."

கைகள் ஸ்டீயரிங் மேல் இருந்தன. வலது கையைப் பார்த்தேன்.

ஐந்து வருடம் நான் முன்னால், அவள் பின்னால்.

பெரியவர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு விளிம்பில் கீழே நடந்து போயிருந்தார். நின்று நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தார். வாயில் கை குவித்து, பெயர் தெரியாததால், "ஹலோ! ஹலோ!" என்று கூப்பிட்டார்.

பள்ளத்திலிருந்து அவர் குரல்தான் திரும்பி வந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான்.

அவர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"யாரும் விழல, நெட்ரா. ஈரத்துல ஒரே ஒரு வண்டித் தடம்தான் இருக்கு. அது இவரோடது."

"கண்ணாடி போடாமப் போனா அப்படித்தான் தெரியும். அந்த ஆளு கீழ எங்க கிடக்கிறாரோ! திரும்பப் போய் ஒழுங்காப் பாரு, ஆர்லோ."

ஆர்லோ போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கை மோதிரத்தை.

"எத்தனை மாசமாச்சு, தம்பி?"

"எட்டு."

நெட்ரா வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆர்லோ கயிற்றைச் சுருட்டினார். ஏற்கெனவே சுருட்டியிருந்ததைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

"நாங்க முன்னால போறோம். நீங்க கடைசியா வாங்க. நிதானமா வாங்க."

இறங்கினோம். ஆர்லோ, நெட்ரா, அவர்கள் மருமகன், நான்.

விளிம்பின் அடியில் ஒரு ஜீப் எங்களுக்காக ஒதுங்கி நின்றது.

ஆர்லோ மூன்று விரல் காட்டினார். நெட்ரா இரண்டு. மருமகன் ஒன்று. அந்த ஒன்று நான்.

ஜீப்காரர் என் கையைப் பார்த்துக் காத்திருந்தார்.

விரல்களை ஒவ்வொன்றாக மடக்க வேண்டியிருந்தது. ஆள்காட்டி விரல் கடைசியாக மடங்கியது.

முஷ்டியைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் தலையசைத்தார். எனக்குப் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு மேலே ஏறினார்.