ஒற்றைப்பூண்டு

எந்திர மனிதனைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று ஜோதிமணி முடிவு செய்துவிட்டாள்.

பின்னே? நாயுடுபுரம் பூண்டு மண்டியில் பதினாறு வருடமாகத் தரம் பிரிக்கிறவள் அவள். போன மாதம் ஒரு கம்பெனி, தலையும் கையும் காலும் வைத்த ஓர் எந்திரத்தைக் கொண்டுவந்து அவளுக்கு எதிரிலேயே நிறுத்தியது. தானாகவே யோசித்து வேலை செய்யுமாம். டீ கேட்காது, லீவு கேட்காது. சோதனை முடிந்ததும் பெண்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடப் போவதாக முதலாளி வேலுமணி சொல்லிவிட்டார்.

போதாக்குறைக்கு, தனியாகப் பொறுக்க வேண்டிய ஒற்றைப்பல் பூண்டு அகப்பட்டால் அந்தச் சனியன் அதை எடுத்து ஜோதிமணி முன்னால் வைத்தது. அவள் முன்னால் மட்டும்.

“நான் பொறுக்காம விட்டதக் காட்டிக் குடுக்குதுக்கா. மொதல்ல என் சோலியத்தான் முடிக்கப் பாக்குது.”

“ஒனக்கென்ன, மக கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டா” என்றாள் பக்கத்தில் தரம் பிரித்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள்.

“அவ சேந்தே ஒரு மாசந்தான் ஆச்சு. அவரு வாயுக்குத்துல படுத்துக் கெடக்காரு. எனக்கும் வேலை போனா எப்பிடிக்கா?”

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஜோதிமணி எந்திரத்தின் முகத்துக்கு நேராக நின்று ஆசைதீர வைதாள். அதன் கண்ணில் கேமரா இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவசரமாக ஒரு சாக்கை அதன் தலையில் கவிழ்த்தாள். தூக்குச்சட்டியில் கரைத்து வந்த உப்புத் தண்ணீரைக் கை மூட்டுகளில் ஊற்றினாள். கொஞ்சம் புகை வந்தது. கை இரண்டும் தொங்கிவிட்டன.

யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. கம்பெனி எந்திரத்தோடு மலையிறங்கியது. “பழையபடி வெள்ளனே வந்துருங்க” என்றார் வேலுமணி. ஜோதிமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள், மகள் சுகன்யா பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“வேலை போச்சும்மா. கம்பெனி மெஷின் ஒண்ணக் கெடுத்துட்டாங்க. யாருன்னு கேட்டாங்க. பாத்தும், தெரியலைன்னுட்டேன்.”

ஜோதிமணிக்கு ஆத்திரம் பொங்கியது. “ஏன்டி, யாரோ செஞ்ச களவாணித்தனத்துக்கு நீ எதுக்கு வாய மூடுன? காட்டிக் குடுத்துட்டு ஒஞ் சோலியப் பாத்திருக்க வேண்டியதுதான?”

சுகன்யா பெட்டியைக் கீழே வைத்தாள்.

“வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லித்தான் வேலையே குடுத்தாங்க. அது பாக்குறதெல்லாம் தெரியுற கண்ணாடிய மாட்டிக்கிட்டு, கோயமுத்தூர்லருந்து அந்த மெஷின ஆட்டி வச்சதே நான்தாம்மா.

அப்பா வாயுக்குத்துக்கு ஆகுமேன்னு ஒத்தப்பூண்டாப் பொறுக்கி ஒன் முன்னால வச்ச கையில போயி, உப்புத்தண்ணிய ஊத்திட்டியே!”