விருந்தாளிக்கு ஒரு கரண்டி

உங்கள் வீட்டுக் குக்கர் உங்களுக்கே சோறு போட மறுத்ததுண்டா? ஓசூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பேசும் குக்கர்கள் எல்லாம் அப்படித்தான், உடம்புக்கு நல்லதென்று சோற்றை வாரம் ஒரு கரண்டி குறைத்துவிடும். அங்கே தனியாக இருந்த மாசிலாமணி அன்று மீன்குழம்பு வைத்திருந்தார்.

"இன்னைக்கு ஒரு கரண்டிதாண்ணே. பீன்ஸ் பொரியல் சாப்பிடுங்க" என்றது குக்கர்.

"மீன்குழம்பைப் பீன்ஸுல பிசையவா?"

"விதி அப்படி. விருந்தாளி வந்தா மட்டும் ஒரு கரண்டி கூட உண்டு."

அவருக்குப் பொறி தட்டியது. சட்டியோடு போய், ஆள் யாரென்றே தெரியாத எதிர்வீட்டு அழைப்புமணியை முதல்முறையாக அடித்தார்.

"நான் விருந்தாளிங்க!"

"குழம்போட வந்தா வேணாம்பாங்களா? உள்ள வாங்கண்ணே!"

அங்கே ஒரு கரண்டி, மாடியில் ஒரு கரண்டி என்று சட்டி காலியாகும்வரை வீடு வீடாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் கதவைத் திறந்தபோது, அத்தனை வீட்டுக்காரர்களும் தட்டும் துவையலுமாக, "நாங்க விருந்தாளிங்க!" என்று நின்றார்கள்.